வடிகட்டாத நீரின் வழியே: கேட்ஸ்கில் மலைகளில் ஒரு பயணம்

முதல் நாள்: அஷோகன் நீர்த்தேக்கம்

நியூயார்க் நகரத்தின் குடிநீரில் ஏறத்தாழ 90 விழுக்காடு, ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே உள்ள கேட்ஸ்கில் மலைகளிலிருந்தும் டெலவேர் ஆற்றின் தலைப்பகுதியிலிருந்தும் வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 380 கோடி லிட்டர் நீரை 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்துகிறார்கள். மலையிலிருந்து பெரும்பாலும் தானாகவே இறங்கி வரும் அந்த நீருக்குக் கிருமிநீக்கம் செய்கிறார்களே தவிர, எந்த வடிகட்டும் ஆலை வழியாகவும் அதைச் செலுத்துவதில்லை. இவ்வளவு பெரிய நகரத்துக்கு இது எப்படி இயல்கிறது என்பதை நிலத்திலேயே காண வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஆகவே, மழை விழும் ஓடைகளில் தொடங்கி நகரத்தின் வாசல் வரை நீரைப் பின்தொடர்ந்து செல்லும்படி இந்தப் பயணத்தை அமைத்துக்கொண்டேன்.

இன்று அஷோகன் நீர்த்தேக்கத்தின் அணைமீது உள்ள நடைபாதையில் நடந்தேன். 1907-இல் தொடங்கி 1915-இல் நீர் வழங்கத் தொடங்கிய இந்தத் தேக்கம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமானது. 46,000 கோடி லிட்டருக்கும் மேல் கொள்ளும். இதற்காகச் சுமார் 2,000 பேர் வீடுகளை இழந்தார்கள். இடுகாடுகளிலிருந்து ஏறத்தாழ 2,800 உடல்களைத் தோண்டியெடுத்து வேறிடங்களில் அடக்கம் செய்தார்கள். வடகரையில் பழைய இரயில் பாதையை 2019-இல் நடைபாதையாகத் திறந்திருக்கிறார்கள். மூழ்கிய ஊர்களைப் பற்றி அங்கே பேச்சுக்கொடுத்தால், நூறாண்டுக்கு முந்தைய நிகழ்வை நேற்று நடந்ததுபோல் சொல்பவர்களை இன்றும் காண முடிகிறது. இந்த நினைவு பின்வரும் எல்லாத் திட்டங்களுக்கும் அடியில் இருப்பதால், அதை முதலிலேயே குறித்துவைக்கிறேன்.

பொறியியல் நோக்கில் என்னை நெடுநேரம் நிறுத்தியது, தேக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக் கலிங்கு. ஈசோபஸ் ஓடை முதலில் மேற்குப் பகுதியில் கலக்கிறது. அது கொண்டுவரும் மண் அங்கே படிய, தெளிந்த மேல்நீர் கலிங்கைத் தாண்டிக் கிழக்குப் பகுதிக்குச் செல்கிறது. நகரத்துக்கு வழக்கமாக எடுக்கப்படுவது அந்தக் கிழக்குப் பகுதியின் நீர்தான். நூறாண்டுக்கு முன்பு இதை வரைந்தவர்களுக்கு இந்த ஓடையின் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் நாள்: ஈசோபஸ் ஓடையும் அதன் களிமண்ணும்

ஃபினிஷியா என்ற சிற்றூரை அடுத்து ஸ்டோனி கிளோவ் என்னும் கிளை ஓடை ஈசோபஸில் கலக்கிறது. மழை இல்லாத நாளிலும் அதன் கரையில் சில இடங்களில் சாம்பல் கலந்த செந்நிறத்தில் நீர் கசிந்து ஓடுவதைக் காணலாம். பனியுகத்தின் முடிவில் உருகும் பனிப்பாறைகள் இந்தப் பள்ளத்தாக்குகளை அடைத்ததால் தேங்கிய ஏரிகளின் அடியில் நுண்ணிய களிமண் அடுக்கடுக்காகப் படிந்தது. இன்றைய ஓடைகள் கூழாங்கல் படுகையை அரித்துக்கொண்டு கீழே இறங்கும்போது அந்தக் களிமண்ணைத் தொட்டுவிடுகின்றன. தொட்டதும் கரையின் அடிப்பகுதி கரைகிறது. அடி கரைந்ததும் மேலே உள்ள மலைச்சரிவு மரங்களோடு சேர்ந்து சரிகிறது. சரிந்த மண் மீண்டும் ஓடைக்குள் விழுந்து, அடுத்த வெள்ளத்தில் நீர்த்தேக்கத்தை அடைகிறது.

இந்தக் கலங்கல் கண்ணுக்கு அழகற்றது என்பதோடு முடிவதில்லை. இரண்டு மைக்ரான் அளவுக்கும் குறைந்த களிமண் துகள்கள் வாரக்கணக்கில் படியாமல் மிதக்கக்கூடியவை. கிருமிகள் அவற்றின் மறைவில் ஒதுங்கிக்கொள்ளும்போது குளோரினோ புறஊதாக் கதிரோ அவற்றை முழுமையாக எட்டுவதில்லை. அதனால்தான், வடிகட்டாமல் நீர் வழங்கும் அமைப்புகளுக்கு 1989-ஆம் ஆண்டின் கூட்டாட்சி அரசு விதி ஒரு கடும் வரம்பை வைத்தது: கிருமிநீக்கத்துக்கு முன்பே, மூல நீரின் கலங்கல் 5 அலகைத் தாண்டக் கூடாது, அதை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். தொலைவில் உள்ள ஒரு மலைச்சரிவு சரிவதும் சரியாததும் நகரத்தின் சட்டத் தகுதியையே தீர்மானிக்கிறது என்பதை, கையால் தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும் இந்த மண்ணின் முன் நின்றபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

ஓடையைச் சீரமைத்திருக்கும் இடங்கள் சிலவற்றையும் பார்த்தேன். களிமண் கரையிலிருந்து நீரோட்டத்தைத் தள்ளி வைத்து, பெரும்பாறைகளால் படுகைக்குப் படிகள் அமைத்து, சரிவின் உள்ளே தேங்கும் நீரை வடியச் செய்து, கரை முழுவதும் வில்லோ போத்துகளை நட்டிருக்கிறார்கள். ஓடையை வாய்க்கால் போல் நேராக்கிக் கான்கிரீட் பூசுவதற்கு நேர் எதிரான வேலை இது. ஓடை தன் அகலத்தையும் வளைவையும் வெள்ளச் சமவெளியையும் தானே தாங்கிக்கொள்ளும் வடிவத்தை முதலில் அளந்து, பிறகே இயந்திரத்தை இறக்குகிறார்கள். சீரமைப்புக்கு முன்னும் பின்னும் எவ்வளவு கலங்கல் வருகிறது என்பதை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஓடை ஓடையாக ஆண்டுக்கணக்கில் அளந்து வருகிறது. ஒரு பருவத்து அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பெருவெள்ளம் ஒன்றாவது வந்துபோன பிறகே சீரமைப்பு நின்றதா என்று சொல்ல முடியும். நீண்டகாலத் திட்டம் என்ற சொல்லுக்கு இங்கே உள்ள பொருள் அதுதான்.

மாவட்ட மண், நீர்ப் பாதுகாப்பு அலுவலகங்கள் செய்யும் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளம் வடிந்த மறுநாளே பொக்லைன் ஓட்டுநர்கள் ஓடைகளில் இறங்கிக் கற்களை அள்ளி, பாதையை நேராக்கி, ஆழப்படுத்திவிடுவது வழக்கம். நல்லெண்ணத்தோடு செய்யும் அந்த வேலையே ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டி, அடுத்த வெள்ளத்தில் புதிய களிமண்ணைத் திறந்துவிடுகிறது. ஆகவே வெள்ளத்துக்கு முன்பே அந்த ஓட்டுநர்களையும் ஊராட்சிச் சாலைப் பணியாளர்களையும் அழைத்து, எந்த ஓடைக்கு எவ்வளவு அகலமும் ஆழமும் பொருந்தும் என்று பயிற்சி தருகிறார்கள். கோடிக்கணக்கில் செலவாகும் சீரமைப்புக்கு இணையான பயனை இத்தகைய சிறு பயிற்சி தரக்கூடும் என்று நான் நம்புகிறேன்.

மூன்றாம் நாள்: பிராட்ஸ்வில்

இன்று எழுதுவதற்குக் குறைவாகவே உள்ளது. பெரும்பகுதி பயணத்தில் கழிந்தது. ஸ்கோஹாரி நீர்த்தேக்கத்தின் நீர், 29 கிலோமீட்டர் நீளமுள்ள ஷாண்டாகன் சுரங்கத்தின் வழியாக மலைக்கு அடியில் சென்று ஈசோபஸில் விழுகிறது. ஆகவே நேற்று பார்த்த ஓடையில் ஓடுவது அந்தப் பள்ளத்தாக்கின் நீர் மட்டுமன்று.

அந்த நீர்த்தேக்கத்தின் தலைப்பில் உள்ள பிராட்ஸ்வில் ஊரை 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயலின் வெள்ளம் சூறையாடியது. அதன்பின் பல மாதங்களுக்குக் கேட்ஸ்கில் நீரில், களிமண்ணைத் திரளச் செய்து படியவைக்கும் படிகாரம் கலந்தே நகரத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மேற்குப் பகுதியின் கலங்கல் நீரை அஷோகனிலிருந்து கீழ் ஈசோபஸ் ஓடைக்குத் திறந்துவிட்டபோது, நீர்த்தேக்கத்துக்குக் கீழே வாழ்பவர்கள் தங்கள் ஓடை வாரக்கணக்கில் சேறாக ஓடியதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அவர்களின் குறை நியாயமானது. நகரத்துக்குத் தெளிந்த நீரை உறுதி செய்யும் ஒவ்வொரு மதகு முடிவும் கலங்கலை வேறொருவர் வாசலுக்கு அனுப்புகிறது என்பதைத் திட்டமிடுவோர் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.

வெள்ளம் மீண்டும் மீண்டும் புகும் வீடுகளை, உரிமையாளர் விரும்பினால் மட்டும், நகரம் விலைகொடுத்து வாங்கி இடித்துத் திறந்த நிலமாக விடுகிறது. வெள்ளத்தில் மிதந்துவரும் எண்ணெய்த் தொட்டிகளும் கழிவும் நீர்த்தேக்கத்தை அடையாமல் தடுப்பது இதன் நோக்கம். ஊருக்கோ, வாங்கப்பட்ட ஒவ்வொரு மனையும் குறைந்துபோன ஒரு குடும்பம்.

நான்காம் நாள்: டெல்ஹை முதல் வால்டன் வரை

இன்று மலை மென்மையாகி, பள்ளத்தாக்கு அகன்று, பால்பண்ணைகள் தொடங்கின. டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளை இந்த வயல்களின் நடுவே ஓடிக் கேனன்ஸ்வில் நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. பயணத்தின் மையம் இதுதான் என்று புறப்படும் முன்பே எண்ணியிருந்தேன். இங்கு வந்தபின் அந்த எண்ணம் உறுதியாயிற்று.

1989-ஆம் ஆண்டு விதி வந்ததும் நகரத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கேட்ஸ்கில், டெலவேர் நீர் முழுவதையும் வடிகட்டும் ஆலையைக் கட்டுவது. அதற்கு 600 கோடி டாலருக்கும் மேலாகும் என்றும், ஆண்டுதோறும் நடத்தும் செலவு பல பத்துக் கோடி டாலர் ஆகும் என்றும் மதிப்பிட்டார்கள். மற்றொன்று, நீர்ப்பிடிப்புப் பகுதியையே காத்து, வடிகட்டலிலிருந்து விலக்குப் பெறுவது. நகரம் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. ஆனால் 1990-இல் வெளியான முதல் வரைவு விதிகள் ஓடைக்கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை உழவையும் மேய்ச்சலையும் கட்டுப்படுத்த முனைந்தன. இந்தக் குறுகிய பள்ளத்தாக்குகளில் ஓடைக்கரையைத் தவிர்த்தால் சமநிலமே இல்லை. அணைகளுக்காக முன்பே நிலம் இழந்த குடும்பங்கள் கொதித்தெழுந்தன.

அதன்பின் நடந்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நகர அதிகாரிகளும் உழவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, விதிகளுக்கு மாற்றாக ஓர் ஏற்பாட்டை வகுத்தார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் நிலம், மந்தை, வருமானம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் முழுப் பண்ணைத் திட்டம் எழுதப்படும். செலவை நகரம் ஏற்கும். திட்டத்தை நடத்தும் பொறுப்பு உழவர்களே பெரும்பான்மையாக உள்ள மன்றத்திடம் இருக்கும். சேர்வது அவரவர் விருப்பம். ஆனால் ஐந்து ஆண்டுகளில் 85 விழுக்காட்டுப் பண்ணைகளாவது சேர்ந்தாக வேண்டும். 1993-இல் உருவான அந்த நீர்ப்பிடிப்பு வேளாண் மன்றம் இன்றும் வால்டனில் இயங்குகிறது. குறித்த இலக்கைப் பண்ணைகள் தாண்டிச் சென்றன.

ஒரு பண்ணையில் அனுமதி பெற்றுச் சுற்றிப் பார்த்தேன். ஈன்ற கன்றுகளைத் தாய்மாடுகளிடமிருந்து பிரித்து, காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள உலர்ந்த கொட்டகையில் வைத்திருந்தார்கள். பிறந்து சில வாரங்களே ஆன கன்றின் சாணத்தில்தான் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி மிகுதியாக வெளியேறும். அதன் முட்டையுறை குளோரினுக்கு அழியாது. கன்றுக் கொட்டகையைச் சீராக்குவது கன்றின் உடல்நலத்துக்கும் நல்லது, கீழேயுள்ள நகரத்தின் நலத்துக்கும் நல்லது. கூரையில் விழும் மழைநீர் தொழுவத்து முற்றத்தைத் தொடாமல் தனிக் குழாயில் வெளியேறுகிறது. முற்றத்துக்குத் தளம் போட்டிருக்கிறார்கள். பசுக்கள் ஓடைக்குள் இறங்காதபடி வேலி. அவற்றுக்கு வேறிடத்தில் தண்ணீர்த் தொட்டி. வேலிக்கும் ஓடைக்கும் இடையே மரமும் புதருமாகக் கரையோரத் தடுப்பு. 1998 முதல் கூட்டாட்சி அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றும் நகரத்தோடு சேர்ந்து இந்தக் கரையோர நிலத்துக்கு வாடகை தருகிறது.

கண்ணுக்குத் தெரியாத பங்கு தீவனத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கும் தீவனத்தோடு பாஸ்பரஸும் பண்ணைக்குள் வருகிறது. பாலாக வெளியேறுவதை விட வந்து சேர்வது மிகுதியானால், மீதி சாணத்தின் வழியாக மண்ணில் தேங்குகிறது. மண் நிறைந்தபின் ஒவ்வொரு மழையிலும் அது கசிந்து ஆற்றை அடையும். 1990-களில் கேனன்ஸ்வில் கோடைதோறும் பாசி படிந்து, பாஸ்பரஸ் வரம்பு மீறிய படுகை என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. அத்தகைய படுகையில் புதிய கழிவுநீர் வெளியேற்றத்துக்கு அனுமதி கிடைக்காது என்பதால் ஊர்களின் வளர்ச்சியே தேங்கியது. தீவனத்தில் பாஸ்பரஸைத் தேவைக்குமேல் சேர்க்காமல் இருப்பது, உறைந்த நிலத்தில் ஓடைக்கு அருகே சாணத்தை இறைக்காமல் இருப்பது, கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்துவது ஆகிய எல்லாம் சேர்ந்து, 2000-களின் தொடக்கத்தில் அந்தத் தடையிலிருந்து கேனன்ஸ்வில்லை மீட்டன.

மாலையில் ஒரு முதிய உழவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அண்டைப் பண்ணைகள் ஒவ்வொன்றாக மாடுகளை விற்றுவிட்டுக் கடையை மூடுவதே தமக்குப் பெருங்கவலை என்றும், ஓடை விதிகளோடு வாழக் கற்றுக்கொண்டோம், பால் விலையோடு வாழத்தான் முடியவில்லை என்றும் அவர் சொன்னார். மேய்ச்சல் நிலம் மனைகளாகவும் சாலைகளாகவும் மாறினால், நன்றாக நடத்தப்படும் பண்ணையை விட நீருக்கு அதிகக் கேடு விளையலாம். பண்ணை நிலத்தை என்றென்றும் பண்ணையாகவே வைத்திருக்க உரிமையாளருக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தில் அடுத்த தலைமுறை மாடு வளர்க்குமா என்பதை எந்த ஒப்பந்தமும் உறுதி செய்ய முடியாது. நீர்ப்பிடிப்புத் திட்டத்தின் மிக வலுவற்ற கண்ணி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள்: பெபாக்டன்

நகரத்தின் நீர்த்தேக்கங்களிலேயே மிகப்பெரியது பெபாக்டன். ஏறத்தாழ 53,000 கோடி லிட்டர் கொள்ளும். 1955-இல் பயன்பாட்டுக்கு வந்த இதன் அடியில் பெபாக்டன், ஷேவர்டவுன், ஆரீனா, யூனியன் குரோவ் ஆகிய நான்கு ஊர்கள் மூழ்கின. கரையில் படகு விடலாம். ஆனால் அனுமதிச் சீட்டு பெற்று, வரிக்குதிரைச் சிப்பி போன்ற அயல் உயிர்கள் ஒட்டிவராதபடி படகை முதலில் நீராவியால் கழுவ வேண்டும். மனிதர்களை முற்றாக விலக்காமல், வரம்போடு உள்ளே அனுமதிக்கும் இந்த அணுகுமுறை சரியானதென்றே எனக்குப் படுகிறது. தான் மீன்பிடிக்கும் நீரை எவரும் காக்க விரும்புவார்.

இன்று முழுவதும் 1997 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். நகரம், மாநில அரசு, கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை, மலையூர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாம் அதில் கையொப்பமிட்டன. நகரம் நிலத்தை வாங்கலாம், ஆனால் விற்க விரும்புவோரிடமிருந்து சந்தை விலைக்கு மட்டுமே. கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை இதற்குப் பயன்படுத்தாது. வாங்கிய நிலத்துக்கு ஊருக்குச் சொத்துவரி செலுத்தும். ஊர்களின் மையப் பகுதிகளை விற்பனை எல்லைக்கு வெளியே வைத்துக்கொள்ளும் உரிமை ஊர்களுக்கு உண்டு. இதற்கு ஈடாக, நீரின் தூய்மைக்கான புதிய விதிகளை ஊர்கள் ஏற்றன.

ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் பரப்புள்ள இந்த மேற்குப் படுகையில், அன்று முதல் 1,50,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், விலைக்கோ பாதுகாப்பு ஒப்பந்தத்திலோ காப்புக்குள் வந்திருக்கிறது. 5,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் செப்டிக் டேங்குகள் நகரத்தின் பணத்தில் சீராக்கப்பட்டிருக்கின்றன. ஓடைக்கு மிக அருகில் உள்ளவை முதலில், பிறகு படிப்படியாகத் தொலைவில் உள்ளவை என்று வரிசை வகுத்திருக்கிறார்கள். ஊர்களின் சார்பில் இந்த வேலைகளை நடத்தும் கேட்ஸ்கில் நீர்ப்பிடிப்புக் கழகமும் அந்த உடன்படிக்கையில் பிறந்ததே.

நிலம் வாங்கும் திட்டத்தில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. மலையுச்சியில் உள்ள நூறு ஏக்கர் காடும் ஓடைக்கரையில் உள்ள ஐந்து ஏக்கரும் ஏக்கர் கணக்கில் ஒன்றல்ல. நீரின் கணக்கிலோ சிறியதே பெரிதாக இருக்கக்கூடும். வெள்ளத்திலிருந்து விலகி மேட்டுக்கு இடம்பெயர ஊர்களுக்கு வேண்டிய நிலத்தை நகரம் வாங்கிவிட்டால், வெள்ளச் சமவெளியை விட்டு எவரும் வெளியேற இயலாது. ஏக்கர் எண்ணிக்கையை இலக்காக வைப்பதை விட்டு, ஓடைக்கரைகளை நோக்கித் திட்டம் திரும்ப வேண்டும் என்பதே என் கருத்து.

படுகையில் நான்கில் மூன்று பங்கு காடு. அதன் ஓடைக்கரைகளில் நிழல் தரும் ஹெம்லாக் மரங்களின் ஊசியிலை அடியில் வெண்பஞ்சு போன்ற ஒரு பூச்சியைக் கண்டேன். ஆசியாவிலிருந்து வந்து, சாற்றை உறிஞ்சிச் சில ஆண்டுகளில் மரத்தையே கொல்லும் பூச்சி அது. உடன்படிக்கையால் கட்டுப்படுத்த முடியாத ஆபத்துகளும் உண்டு.

ஆறாம் நாள்: கென்சிகோ

இரண்டு மலைத் தொகுதிகளின் நீரும் ஹட்சனின் அடியில் ஆழமான சுரங்கங்கள் வழியாகக் கடந்து, புறநகர் வீடுகளும் நெடுஞ்சாலைகளும் சூழ்ந்த கென்சிகோ நீர்த்தேக்கத்தில் வந்து சேர்கிறது. டெலவேர் சுரங்கக் கால்வாய் மட்டும் 137 கிலோமீட்டர் நீளமானது. கேட்ஸ்கில் நீர் கலங்கிவரும் நாட்களில் படிகாரம் சேர்க்கப்படுவது இதன் வாயிலில்தான். களிமண் திரண்டு இங்கேயே அடியில் படிகிறது. 5 அலகு என்ற வரம்பை அளக்கும் இடமும் இதுவே.

பருவம் மாறும்போது நீர்ப்பறவைகள் இங்கே வந்து தங்கும். அவற்றின் எச்சத்தால் நுண்ணுயிர் அளவு ஏறும் என்பதால், நீர் எடுக்கும் கோபுரங்களின் அருகே தங்கவிடாமல் படகுகளாலும் ஒலியாலும் விரட்டுகிறார்கள். இங்கிருந்து வெளியேறும் நீர், அருகில் உள்ள புறஊதாக் கதிர் நிலையத்தின் 56 கலன்களைக் கடக்கிறது. குளோரினுக்கு அழியாத கிரிப்டோஸ்போரிடியத்தைக் கதிர் செயலிழக்கச் செய்கிறது.

நகருக்கு அருகே உள்ள பழைய குரோட்டன் தொகுதியின் கதை வேறு. அதன் படுகை வீடுகளால் நிறைந்துவிட்டதால் விலக்குக் கிடைக்கவில்லை. பிராங்ஸில் பூங்காவின் அடியில் 300 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு 2015-இல் வடிகட்டும் ஆலையைத் திறந்தார்கள். மொத்த நீரில் பத்தில் ஒரு பங்குக்கே அவ்வளவு செலவு. ஆயினும் பணக் கணக்கு மட்டும் போதாது. 1993-இல் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேரைக் கிரிப்டோஸ்போரிடியம் நோயில் தள்ளியபோது, அந்த நீர் வடிகட்டப்பட்ட நீராகவே இருந்தது. ஆலை இருந்தாலும் மேலே உள்ள நிலத்தைக் காக்கும் வேலை குறைவதில்லை.

இப்போது நடப்பில் உள்ள விலக்கு 2017-இல் மாநிலச் சுகாதாரத் துறை பத்தாண்டுகளுக்கு வழங்கியது. 2027-இல் மறுபடியும் முடிவெடுக்க வேண்டும். அந்த ஆவணம் வெளிவரும்போது அதில் நான் முதலில் தேடப்போவது மூன்று: ஸ்டோனி கிளோவ் போன்ற ஓடைகளின் சீரமைப்பு பெருவெள்ளத்தில் நின்றதா என்பதற்கான அளவுகள், மாடு வளர்ப்பை விட்டுவிடும் பண்ணை நிலங்களுக்கு என்ன ஏற்பாடு, பனிக்காலத்தில் சாலைகளில் கொட்டும் உப்பைக் குறைக்க ஊர்களுக்கு எவ்வளவு நிதி. மூன்றாவதைத் தள்ளிப்போட முடியாது. குரோட்டன் படுகையின் நீரில் குளோரைடு தொடர்ந்து ஏறிவருகிறது. ஏறிய உப்பை அங்குள்ள வடிகட்டும் ஆலையாலும் நீக்க முடியாது.